ரூ.999 சிலம்பப் பாடம்: ஓசூரிலிருந்து ஒரு வரவு செலவுக் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 18.8 லட்சம். அதே கணக்கெடுப்பில், கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 21 லட்சம். ஓசூரில் உட்கார்ந்து இணையத்தில் சிலம்பப் பாடம் விற்க நினைப்பவர் முதலில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி நகரம் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மாநில எல்லையான ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பத்து கிலோமீட்டருக்குள். நம் மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையை விடப் பெரிய தமிழ்ச் சந்தை அந்தப் பக்கம் இருக்கிறது.

சிலம்பத்துக்கு இன்று கிராக்கி இருக்கிறது. 2024 ஜனவரி 19 முதல் 31 வரை சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நான்கு நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் இருக்கிறது. அரசுப் பணிக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் தமிழக அரசு சேர்த்திருக்கிறது. ஆனால் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிறவரால் மாலை ஐந்து மணி வகுப்புக்கு ஒழுங்காகப் போக முடியாது. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொன்றரைக்கு அறைக்கு வருகிறவருக்கும், அதே நேரத்தில் கிளம்புகிற அவருடைய அறைத்தோழருக்கும், பதிவுசெய்த பாடம்தான் வழி.

30 பாடங்கள், பாடத்துக்கு 5 நிமிடம், விலை ரூ.999 என்று ஒரு மாதிரித் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள கூலியும் வாடகையும் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் ஆண்டுச் செலவு:
தளப்பெயர் – ரூ.800
தளத்துக்கான சர்வர் இடம் – ரூ.4,000
வீடியோ வைக்கும் சேவை – ரூ.18,000
படப்பிடிப்பு, 4 நாள் × ரூ.6,000 – ரூ.24,000
எடிட்டிங், 30 பாடம் × ரூ.800 – ரூ.24,000
கன்னட சப்டைட்டில், 15,000 சொல் × ரூ.1 – ரூ.15,000
புகைப்படம், 1 நாள் – ரூ.5,000
பக்க வடிவமைப்பு – ரூ.30,000
எழுத்துப் பிழை திருத்துபவர் – ரூ.3,000
வாடிக்கையாளருக்கான தனி போன் எண், 12 மாதம் – ரூ.3,600
விளம்பரம், 12 மாதம் × ரூ.2,000 – ரூ.24,000
ஆசானின் ஊதியம் – ரூ.30,000
மொத்தம் – ரூ.1,81,400

பெரும்பாலானவர்கள் கடைசி வரியைப் போடுவதே இல்லை. "மாஸ்டர் நம்ம ஆள்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். நாலு நாள் வெயிலில் நின்று ஒரே வீச்சை ஏழு தடவை திரும்பச் செய்து காட்டுகிறவருக்குக் கூலி எழுதாத கணக்கை நான் கணக்காகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

படப்பிடிப்பு, எடிட்டிங், சப்டைட்டில், புகைப்படம், ஆசான் ஊதியம் ஐந்தையும் கூட்டினால் ரூ.98,000 வருகிறது. மொத்தத்தில் 54 சதவீதம். பக்க வடிவமைப்பு 16.5 சதவீதம். இந்த விகிதம் தலைகீழாகும்போதுதான் தளம் தோற்கிறது. எண்பதாயிரம் கொடுத்து அசையும் பேனர், சுழலும் லோகோ எல்லாம் செய்துவிட்டு, பாடத்தை செல்போனில் ஒரே மதியத்தில் எடுத்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் இரண்டாம் பாடத்திலேயே நிறுத்திவிடுவார்.

இதனால் அழகு தேவையில்லை என்று ஆகிவிடாது. 2002-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2,684 பேரிடம் இணையதளங்களைக் காட்டி, எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டது. கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியே இருந்தன. தகவல் அடுக்கப்பட்ட விதம் பற்றி 28.5 சதவீதம். ஆக, முதல் பார்வையில் கண்தான் தீர்ப்புச் சொல்கிறது. அந்தக் கண்ணுக்கு எதைக் காட்டுவது என்பதில்தான் காசு செலவாக வேண்டும்.

முகப்புப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு தற்காப்புக் கலை வீரரின் நிழல்படத்தைப் போட்டால் செலவு பூஜ்யம். சந்திரசூடேசுவரர் மலைக்கோயில் பின்னால் தெரிய, ஆசான் கம்பைப் பிடித்து நிற்கும் படத்துக்கு மேலே எழுதிய ரூ.5,000 ஆகும். அத்திப்பள்ளிக்காரருக்கும் அந்த மலை தெரியும். இவர் உண்மையிலேயே ஓசூரில் இருக்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிடும். இன்னொரு படம் கைக்கு அருகில் போய் எடுத்ததாக இருக்கட்டும்: முன்கை எங்கே, பின்கை எங்கே, கட்டைவிரல் கம்பின் மேல் படிகிறதா, சுற்றிப் பிடிக்கிறதா. பிடி தெளிவாகத் தெரியும் ஒரே படம், 'உலகத்தரப் பயிற்சி' என்று பத்து வரி எழுதுவதை விட அதிகம் விற்கும்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, யார் வாங்க வேண்டாம் என்று சொல்லும் பத்தி. கம்பைத் தரையில் ஊன்றினால் நெற்றியைத் தொட வேண்டும் என்பது வழக்கு. பெரியவர்களுக்குச் சுமார் ஐந்தடி, ஐந்தரை அடி. அதைச் சுழற்ற நாலாபக்கமும் 12 அடியாவது திறந்த இடம் வேண்டும். ஓசூர் லைன் வீட்டிலோ, கம்பெனி விடுதியின் பத்தடி உயர அறையிலோ தலைக்கு மேல் வீச்சு போட முடியாது, ஃபேன்தான் போகும். 'மொட்டை மாடியோ, மைதானமோ இல்லாதவர்கள் முதல் 8 காலடிப் பாடங்களை மட்டும் தனியாக ரூ.299-க்கு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். விற்பனை கொஞ்சம் குறையும். பணம் திருப்பிக் கேட்பவர்கள் நிறையவே குறைவார்கள்.

வரவைப் பார்ப்போம். பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனங்கள் பொதுவாக 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் எடுக்கின்றன. ரூ.999-க்கு ரூ.23.58. நூற்றுக்கு 5 பேர் பணத்தைத் திரும்ப வாங்குவார்கள் என்று வைத்தால், ஒரு விற்பனைக்குக் கையில் நிற்பது ரூ.925.47. இந்தக் கணக்கில் 196 விற்றால் முதலீட்டுக்கு 7 ரூபாய் குறையும். 197-ஆவது ஆள் வாங்கும்போது கரை சேரலாம்.

இந்த 197 எப்போது 247 ஆகும் என்பதை எல்லையோரத்தில் கடை போடுகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேவை விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை ரூ.20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். 2017 அக்டோபரிலிருந்து, வேறு மாநிலத்துக்குச் சேவை கொடுத்தாலும் இந்தச் சலுகை உண்டு. வீடியோ பாடம் சேவைதான். ரூ.999 வீதம் 2,002 பேருக்கு, பெங்களூரோ பெல்லாரியோ, பதிவில்லாமல் விற்கலாம். பொருள் என்றால் சட்டம் வேறு. பொருள் மட்டுமே விற்கிறவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ரூ.40 லட்சம் வரை பதிவு வேண்டாம். மாநில எல்லையைத் தாண்டி ஒரே ஒரு பொருளை விற்றாலும், தொகை எதுவானாலும், பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்கு நிபந்தனைகளோடு விலக்கு இருக்கிறது. பாடத்தோடு சேர்த்து விற்கத் தோன்றும், தொழிற்சாலையில் தைத்த டிஷர்ட் அதில் வராது. அதாவது, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கன்னியாகுமரிக்கு டிஷர்ட் அனுப்பினால் ஒன்றுமில்லை. பத்து கிலோமீட்டரில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு அதே டிஷர்ட்டை அனுப்பினால் பதிவு எடுக்க வேண்டும்.

பதிவு எடுத்துவிட்டால் டிஷர்ட்டுக்கு மட்டும் வரி என்று நிற்காது. பாடத்துக்கும் 18 சதவீதம். விலையை உயர்த்தாமல் ரூ.999-லேயே வைத்தால் வரிக்கு முந்தைய விலை ரூ.846.61. கேட்வே கட்டணமும் (அதன் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாகத் திரும்பிவிடும்) திருப்பிக் கொடுத்ததும் போக, விற்பனைக்கு ரூ.784.30. ரிட்டர்ன் போடும் கணக்காளருக்கு மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுச் செலவு ரூ.1,93,400. மற்றச் செலவுகளில் திரும்பும் உள்ளீட்டு வரியைச் சேர்க்காமல் பார்த்தால், கரை சேர 247 பேர் வேண்டும். எல்லை தாண்டிய ஒரு டிஷர்ட்டுக்காக இன்னும் 50 மாணவர்கள்! 'பாடத்தோடு டிஷர்ட் இலவசம்' என்று வடிவமைப்பாளர் பேனர் போடச் சொல்லும்போது இந்தக் கணக்கை அவர் முன் வைக்க வேண்டும்.

கம்பை அனுப்புவதிலும் நஷ்டம்தான். 155 செ.மீ. நீளக் குழாயில் 6க்கு 6 செ.மீ. பொதி என்று வைத்தால் கன அளவு 5,580. கூரியர்காரர்கள் வழக்கமாக அதை 5,000-ஆல் வகுத்து எடை போடுகிறார்கள்: 1.12 கிலோ. அரைக் கிலோ கம்புக்கு ஒன்றரைக் கிலோ கட்டணம் கட்ட வேண்டி வரும். வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் மூங்கிலை எப்படித் தேர்ந்தெடுப்பது, முனையில் ரப்பர் பூண் எப்படிப் போடுவது என்று ஒரு பாடத்தை இலவசமாகவே போட்டுவிடலாம். வாங்குபவர் தன் உயரத்தைப் பதிந்தால் கம்பின் நீளத்தைச் சொல்லும் சின்னப் பட்டியல் ஒன்று, சுமார் 10 செ.மீ. குறைத்துக் காட்டினால் போதும். அச்சுப் புத்தகம் வேறு விஷயம். அதற்கு ஜிஎஸ்டி இல்லை, தட்டையாகப் போகும். 2025 அக்டோபர் 1 முதல் வந்த ஸ்பீடு போஸ்ட் கட்டணப்படி 251 முதல் 500 கிராம் வரை, 200 கிலோமீட்டருக்குள் ரூ.70, வரியோடு ரூ.82.60. பெங்களூர் முழுக்க அந்தத் தூரத்துக்குள் அடங்கும்.

பக்கத்தின் அடியில் போகும் விவரங்களுக்குச் செலவு மிகக் குறைவு. போன் எண்ணும் பிழைதிருத்தமும் சேர்ந்து ரூ.6,600, மொத்தத்தில் 3.6 சதவீதம். முதல் பார்வைக்குப் பிறகு வரும் நம்பிக்கையின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் சட்டப் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்ப்பவரின் பெயர் எல்லாவற்றையும் காட்டச் சொல்கின்றன. புகார் வந்த 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். விற்பவரே வாங்கியவர் போல விமர்சனம் எழுதக் கூடாது. 2023 நவம்பர் 30-இல் வந்த வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. 'இன்னும் 9 நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று பொய்யாக ஓடும் கடிகாரம் அதில் ஒன்று. ஆசானின் பெயரில் அப்படி ஒரு கடிகாரத்தை ஓடவிடுவது அந்தக் கலைக்கே அவமானம் என்பது என் உறுதியான எண்ணம்.

பிள்ளைகளுக்காக வாங்குகிறவர்களே அதிகம் இருப்பார்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழானவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. மீறினால் அபராதம் ரூ.200 கோடி வரை போகலாம். படிவத்தில் பெற்றோரின் எண்ணும் பிள்ளையின் உயரமும் போதும். பள்ளிப் பெயர், பிறந்த தேதி, போட்டோ ஒன்றும் வேண்டாம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 150 நிமிட வீடியோவை நொடிக்கு 1 மெகாபிட் அளவில் வைத்தால் மொத்தம் 1.1 ஜிபி. 5 மெகாபிட் என்றால் 5.6 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி பேக் போடுகிறவர் முதல் வகையில் ஒரே நாளில் முழுத் தொகுப்பையும் பார்த்துவிடலாம். இரண்டாவதில் நாலு நாள் ஆகும். சின்ன அளவையே முதலில் ஓடவிட்டு, பெரியதைத் தேர்ந்தெடுக்க வசதி கொடுங்கள். பணம் வந்ததும் போகும் எஸ்எம்எஸ்ஸிலும் கவனம் வேண்டும்: ஆங்கிலத்தில் 160 இடம், தமிழில் 70 இடம்தான். 'கம்பு' என்ற மூன்றெழுத்தே 5 இடம் எடுக்கும். நீளமாக எழுதினால் ஒரு செய்திக்கு மூன்று செய்தியின் காசு போகும்.

விலை ரூ.999 அதிகமா? 2015-இல் அமெரிக்காவில் தொடங்கிய மாஸ்டர்கிளாஸ் என்ற இணையப் பாடத்தளம், செரீனா வில்லியம்ஸின் டென்னிஸ் பாடத்தை 90 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். அங்கே பெயரே முதல். நம் ஆசானுக்கு அந்தப் பெயர் கிடையாது. அதற்குப் பதில் முதல் மூன்று பாடங்களைத் திறந்து வைக்கலாம், 30 நாளில் பணம் திரும்பும் என்று சொல்லலாம், மாணவர் தன் வீச்சைப் படமெடுத்து அனுப்பினால் மாதம் ஒரு தடவை ஆசான் குரல்பதிவில் திருத்தம் சொல்லலாம். கடைசியில் சொன்னதுதான் நம் ஆசானின் பலம்.

இரண்டாம் ஆண்டில் தளப்பெயர், சர்வர், வீடியோ சேவை, போன், விளம்பரம் மட்டும் என்றால் ரூ.50,400. திருத்தம் சொல்லும் ஆசானுக்கு ரூ.24,000 சேர்த்தால் ரூ.74,400. அதற்கு 81 விற்பனை போதும். அதற்கு மேல் வருவதில் முதல் செலவாக, பெண் பயிற்சியாளர் ஒருவரை வைத்துத் தொடக்கப் பாடங்கள் எட்டையும் மறுபடி எடுக்கச் சொல்வேன். படப்பிடிப்பு ஒன்றரை நாள் ரூ.9,000, எடிட்டிங் ரூ.6,400, அவருக்கு ஊதியம் ரூ.8,000; மொத்தம் ரூ.23,400, அதாவது 26 விற்பனை. சிப்காட் தொழிற்சாலைகளிலும் விடுதிகளிலும் இருக்கும் இளம்பெண்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், அந்த 26 பேரைப் பிடிக்க எல்லை தாண்டவே தேவையில்லை.