அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மூர்

கரைக்கு வந்த முடிகள் – 9

மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வாங்கி வந்தேன். வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்ப வேண்டிய தாள். கல்முனைச் சந்தைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, எழுத்துப் பிழை ஏதும் உண்டா என்று இருவரும் வரிவரியாகப் பார்த்தோம். 'இனம்' என்ற கூட்டில் அவள் விரல் நின்றது. மூலத்தில் 'இலங்கைச் சோனகர்'. பெயர்ப்பில் 'ஸ்ரீ லங்கன் மூர்'.

"வாப்பா, மூர் எண்டா மொரோக்கோக்காரன்தானே? நம்மட ஆக்கள் எப்ப அங்க இருந்து வந்த?"

"ஆக்கள் வரல்ல மகள். சொல்லுதான் வந்த."

"மறுகா யாரு அதக் கொண்டு வந்த?"

தேத்தண்ணி ஆறும்வரை சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. மிச்சத்தை இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

வட ஆபிரிக்காவின் மேற்கு மூலையில் வாழ்ந்தவர்களை ரோமர் 'மவுரி' என்றார்கள். நாடு மவுரெத்தானியா. அதன் கடைசி அரசன் தொலெமி, எகிப்தின் கிளியோபாத்திராவுக்குப் பேரன். அவனை ரோமப் பேரரசன் கலிகுலா கி.பி. 40இல் கொல்வித்தான். அடுத்து வந்த குளோடியஸ் அந்த நாட்டை இரண்டு மாகாணங்களாக்கி விழுங்கினான். அரசு போயிற்று, பெயர் தங்கிற்று. 711இல் தாரிக் இப்னு ஸியாத் நீரிணையைக் கடந்து ஸ்பெயினில் இறங்கியபோது, அவர் படையில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்து பேர்பர்கள். அதிலிருந்து ஐபீரியக் கிறிஸ்தவனின் வாயில் முஸ்லிம் என்றாலே 'மோரோ', 'மூரோ'.

'சோனகர்' என்பதன் கதையும் சுவையானதுதான். யவனர், யோனகர், சோனகர் என்று அது திரிந்ததாகச் சொல்வார்கள். சிங்களப் பத்திரத்தில் இன்றும் 'யோனக' என்றே இருக்கிறது. கிரேக்கர் வாழ்ந்த அயோனியாக் கரையின் பெயர் அது. ஆக, ஒரே கூட்டில் தமிழிலும் சிங்களத்திலும் கிரேக்கன், ஆங்கிலத்தில் ஆபிரிக்கன். ஆளோ கல்முனைக்குடிப் பிள்ளை. ஆனால் 'சோனகர்' யாரையும் ஊரை விட்டுத் துரத்தியதாகத் தெரியவில்லை. 'மூர்' துரத்தியது.

சென்ற வாரம் 1492 ஜனவரி 2இல், கிரனாடாவின் சாவிகள் பெர்டினாண்ட், இஸபெல்லா கைக்குப் போனதோடு நிறுத்தியிருந்தேன். சரணடைந்த முஸ்லிம்கள் தம் மார்க்கத்தில் இருக்கலாம் என்பது அன்றைய உடன்படிக்கை. பத்தே ஆண்டில் அது கிழிந்தது. 1502இல் கஸ்தீல் முஸ்லிம்களுக்கு மதம் மாறு அல்லது வெளியேறு என்று ஆணை. போர்த்துக்கல் அதற்கும் முந்திக்கொண்டது. கிரனாடாவைப் பிடித்த அந்தத் தம்பதியின் மகளைக் கட்டுவதற்காக மன்னர் மனுவேல் 1496 டிசம்பரிலேயே யூதரையும் முஸ்லிம்களையும் வெளியேற்ற ஆணையிட்டார். கல்யாணச் சீராக ஒரு சமுதாயத்தையே வெளியில் அனுப்பிய மாப்பிள்ளை அவர்.

அதே மனுவேல் அனுப்பிய வாஸ்கோ ட காமா 1498 மே மாதம் கள்ளிக்கோட்டைக் கரைக்கு முதலில் ஓர் ஆளை இறக்கினார். அந்த ஆளை எதிர்கொண்டவர்கள் தூனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவர். கஸ்தீல் மொழியிலேயே, எந்தச் சைத்தான் உங்களை இங்கே கொண்டு வந்தது என்று கேட்டார்களாம். பாதி உலகம் சுற்றி வந்தும் முதலில் கண்ட முகம் பக்கத்து வீட்டுப் பகையாளியின் முகம்! அதற்குப் பிறகு இந்தக் கடலில் தொப்பி போட்ட, பாக்கும் கறுவாவும் விற்ற எவனும் போர்த்துக்கேயனுக்கு மூர்தான். அவன் தமிழ் பேசினாலும் மலையாளம் பேசினாலும். 1505இல் கொழும்புக்கு வந்தபோதும் அந்தச் சொல் கப்பலில் இருந்தது.

ஆனால் எங்கள் கரையின் தலைவிதி அசைந்தது மொரோக்கோவில்தான் என்பேன். 1578 ஓகஸ்ட் 4, அல்காசர் கிபிர். இருபத்து நாலு வயது, கல்யாணம் ஆகாதவர், போர்த்துக்கல் மன்னர் செபஸ்தியான். மொரோக்கோ அரியணைச் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்து படையோடு இறங்கினார். அன்று ஒரே நாளில் செபஸ்தியான், அவர் ஆதரித்த முத்தவக்கில், எதிரே நின்ற அப்துல் மலிக் மூவரும் மாண்டார்கள். மூன்று அரசர் போர் என்று அதற்குப் பெயர். செபஸ்தியானுக்கு வாரிசில்லை. 1580இல் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் போர்த்துக்கல்லையும் எடுத்துக்கொண்டார். அதே 1580இல், பிள்ளையில்லாத கோட்டை அரசன் தர்மபாலன் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் முடிக்கு எழுதிக் கொடுத்தான். 1597இல் தர்மபாலன் கண்ணை மூட, கொழும்புக்குச் சட்டப்படி அரசர் யார்? ஸ்பெயினில் இருந்த பிலிப். இரண்டு கரையிலும் வாரிசில்லாமற் போனதில் வந்த சொத்து.

அவர் மகன் மூன்றாம் பிலிப். கிரனாடா முஸ்லிம்களின் பேரப் பிள்ளைகள் அப்போது பெயரளவில் ஞானஸ்நானம் பெற்று 'மொரிஸ்கோ' ஆகியிருந்தார்கள். அதுவும் போதவில்லை. 1609 ஏப்ரல் 9ஆம் தேதி அவர்களை முழுக்க வெளியேற்றும் முடிவுக்கு அரசர் இணங்கினார். 1614க்குள் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். அதே ஏப்ரல் 9இல் ஆண்ட்வெர்ப்பில், கிளர்ச்சி செய்த ஒல்லாந்தரோடு 12 ஆண்டுப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. இந்தத் தேதியை நினைவில் வையுங்கள். இரண்டு விஷயமும் நம் களப்புக்குத்தான் வந்து சேரும்.

நான்காம் பிலிப் காலம், 1626. போர்த்துக்கேயர் ஆண்ட இலங்கைப் பகுதிகளில் இருந்து மூர்களை வெளியேற்று என்ற உத்தரவைத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா நிறைவேற்றினார். மேற்குக் கரையில் தலைமுறையாக இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். கண்டி அரசன் செனரத் கதவைத் திறந்தான். அவர்களில் 4,000 பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று எழுதி வைத்தவர் நம் ஆளல்ல, குவைறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். எதிரியின் குறிப்பு என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை கொஞ்சம் கூட.

செனரத் இரக்கத்தில் மட்டும் செய்தான் என்று நான் நினைக்கவில்லை. கண்டிக்கு உப்பும் கருவாடும் மலையேற வேண்டும், பாக்கு கீழே இறங்க வேண்டும். அதற்கு மாட்டுத் தவளம் நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும். வயலுக்கும் ஆள் வேண்டும். வந்தவர்களுக்கும் இது வெறுங்கரை அல்ல.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாமெல்லாம் 1626இல்தான் வந்தோம் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. கரைவாகு, நிந்தவூர், அக்கரைப்பற்று எங்கும் குடி என்பது தாய்வழி. இந்தக் கரைத் தமிழரான முக்குவருக்கும் அதுதான் முறை. பிள்ளை உம்மாவின் குடி, வீடு மகளுக்கு, மாப்பிள்ளை வந்து ஏறுகிறவர். கொழும்புப் பக்கத்தில் இருந்து நேற்று வந்தவர்கள் மட்டும் என்றால் இந்த முறை இவ்வளவு ஆழமாக எப்படி வேர்விடும்? முன்பே இங்கே நம் ஆட்கள் இருந்தார்கள், வந்தவர்கள் அந்த வீடுகளில் மாப்பிள்ளையாக ஏறினார்கள் என்பதே என் எண்ணம். அன்றிரவு மகள் என் உம்மாவிடம் மூர் கதையைச் சொன்னபோது அவர் குடியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையைப் பார்த்தார்.

துரத்தியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டி, செனரத்தின் கடல்வாசலை அடைத்தார்கள். 1630இல் ஊவாவுக்குப் படையெடுத்த த சா அங்கேயே மாண்டார். ஒல்லாந்தருக்கும் இந்தக் கரை புதிதல்ல. 1602இலேயே ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்கு நடந்து போயிருந்தார். 1609இல் கையெழுத்தான அந்தப் போர்நிறுத்தம் 1621இல் முடிந்து நெடுநாளாகியிருந்தது. 1638 மே மாதம் செனரத்தின் மகன் இராஜசிங்கன் தரையில் நிற்க, ஒல்லாந்தத் தளபதி வெஸ்தர்வோல்ட் கடலில் இருந்து சுட, கோட்டை விழுந்தது.

பிலிப்பின் கொடி இறங்கிற்று. பிலிப்பின் பகையாளி உள்ளே போய், கணக்குப் புத்தகத்தைத் திறந்து, நம் ஆட்களை எழுத வேண்டிய இடத்தில் 'மூரென்' என்று எழுதினான். ஆங்கிலேயன் வந்து அதையே சுருக்கினான்.

கொடி மறுபடியும் மாறியது ஒரு கடிதத்தால். 1795இல், நெப்போலியன் இன்னும் பேர் பெறாத நேரம், லண்டனுக்குப் பக்கத்துக் கியூவில் ஓடி ஒளிந்திருந்த ஓர் ஒல்லாந்த இளவரசர் எழுதியது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)