பச்சை உடம்பு, பச்சை உப்பு, பறக்கும் பாம்பு

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் நாற்கரச் சாலையில் நாலாட்டின்புத்தூரை அடுத்து வருகிற ஊர் இடைசெவல். சாகித்ய அகாதெமி விருது இரண்டு தடவை வந்து இறங்கிய சிற்றூர் இது. 1970-இல் கு. அழகிரிசாமிக்கு, 1991-இல் கி. ராஜநாராயணனுக்கு. பங்குனி பிறந்துவிட்டால் இந்தப் பக்கம் நிலம் கறுப்பு, வானம் வெளுப்பு. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். புரட்டாசிக் கடைசியில் மழை இறங்கி, விதைப்பு விழுந்து, கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் தலை காட்டினால்தான் கண்ணுக்குப் பச்சை. தையில் அறுப்பு முடிந்தால் அதுவும் போச்சு.

இப்படிப்பட்ட சீமையில் 'பச்சை' என்கிற சொல் மட்டும் வருஷம் முழுக்க வற்றுவதில்லை. ஆனால் அந்தச் சொல் நிறத்தைக் குறிப்பது கொஞ்சம்தான்.

பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்காரி. அவள் மடியில் கிடப்பது பச்சை மண்ணு. காய்ச்சாத தண்ணீர் பச்சைத் தண்ணி, காய்ச்சாத பால் பச்சைப் பால். சூளைக்குப் போகாத பானை பச்சைப் பானை. அவிக்காமல் குத்திய அரிசி பச்சரிசி. அதில் பச்சை நிறம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. ஆறாத காயம் பச்சைப் புண். வெட்டி இன்னும் காயாத விறகு பச்சை விறகு. அதை அடுப்பில் வைத்துவிட்டு ஊதுகிறவளின் கண்ணைப் பார்த்தால் தெரியும். இஞ்சி பூண்டு விழுதைப் 'பச்சை வாடை போக' வதக்கச் சொல்லாத சமையல் குறிப்பு தமிழில் இல்லை. விழுதின் நிறமோ வெளிர் மஞ்சள்.

இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் எது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு எதிரில்லை. காய்ந்தது, வெந்தது, சுட்டது, ஆறியது, பதப்பட்டது என்பவைதான் அதற்கு எதிர். ஈரம் போகாமல், தீ படாமல், மனுசன் கை வைத்து மாற்றாமல் இருக்கிற நிலைக்குப் பச்சை என்று பேர். மழையை நம்பி வாழ்கிறவன் ஈரத்துக்கு வைத்த பேர் அது. நிறம் அதன் ஒரு கிளை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெடித்த கரிசலுக்குள் ஒரு முழத்துக்குக் கீழே ஈரம் நிற்கிறதா என்று மண்ணைக் கிள்ளிப் பார்க்கிற சம்சாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வசவும் இந்தக் கணக்கில்தான் வரும். 'பச்சை பச்சையாகத் திட்டினான்' என்றால் வார்த்தையை வேகவைக்காமல், துணி சுற்றாமல் எடுத்து எறிந்தான் என்று பொருள். பச்சைப் பொய் என்றால் கலப்பில்லாத பொய். கி.ரா. இந்தப் பச்சைக்குக் கூச்சப்பட்டவர் இல்லை. ஊர் மடத்திலும் களத்துமேட்டிலும் பெரியவர்கள் சொன்ன பாலியல் கதைகளைத் திரட்டி 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்பிட்டே புத்தகமாக்கினார். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அங்கேயும் மழையைத்தான் வேடிக்கை பார்த்தேன் என்று தன் படிப்பைப் பற்றிச் சொல்லித் திரிந்த மனிதர், 1980-களில் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே கொண்டுவந்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டார் கதை சேகரிக்கப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. பண்டிதர்கள் எழுத்தில் ஏற்றாமல் விட்ட சொற்களை ஒரு சம்சாரி உட்கார்ந்து எழுதினான் என்பதுதான் அந்த அகராதியின் பெருமை.

கலப்பில்லாதது என்கிற பொருளில் இந்தச் சொல்லை அரசியலுக்கு இழுத்து வந்தவர் பெரியார். 1954-இல் ராஜாஜி விலகிக் காமராஜர் முதலமைச்சரானபோது அவரைப் 'பச்சைத் தமிழர்' என்று சொல்லி ஆதரித்தார். விருதுநகர்க்காரரான காமராஜர் கரிசல் மண்ணைப் போலவே நல்ல கறுப்பு. ஆனாலும் கேட்டவர்கள் யாரும் நிறத்தை நினைத்துக் குழம்பவில்லை.

கோவிலிலும் உண்டு பச்சை. திருச்செந்தூரில் ஆவணி, மாசித் திருவிழாக்களில் சண்முகர் சிவனாகச் சிவப்புச் சாத்தி, பிரம்மனாக வெள்ளைச் சாத்தி, திருமாலாகப் பச்சை சாத்தி வருவார். எட்டாம் நாள் பச்சை சாத்திக்குத்தான் எங்கள் பக்கத்துக் கூட்டம் அதிகம். மதுரையில் கள்ளழகர் பச்சைப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் அந்த வருஷம் வெள்ளாமை செழிக்கும் என்பார்கள். ஆற்றுப் பாசனமே இல்லாத எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரியும் அழகர் என்ன பட்டு என்று மறுநாள் பேப்பரில் பார்ப்பான்.

இத்தனை பச்சைக்கும் பக்கத்தில் 'பசுமை' என்று ஒரு தம்பி இருக்கிறான். ஒரே வேர்தான். ஆனால் அவன் படித்து வேலைக்குப் போனவன். பசுமைப் புரட்சி, பசுமைத் தீர்ப்பாயம், 2011-இல் வந்த பசுமை வீடுகள் திட்டம், கயத்தாறைச் சுற்றிச் சுழலும் காற்றாலைகளின் பசுமை மின்சாரம் என்று அவன் புழங்குவதெல்லாம் அரசாணையிலும் மேடையிலும். பசுமைத் தண்ணி கொடு என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்டதில்லை. பசுமைப் புரட்சி கால்வாயும் கிணறும் உள்ள ஊர்களில் நெல்லையும் கோதுமையையும் பெருக்கியது. மானாவாரிக் கரிசலுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. 1901-இலேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை வந்து, பருத்தியிலும் சோளத்திலும் இந்த மண்ணுக்கென்று ரகம் தேடிக்கொண்டிருந்ததை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால் தப்பு.

பச்சையும் பசுமையும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இடம் பக்கத்துச் சிவகாசி. வாணத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உலோக உப்பு வேண்டும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம். பேரியம் நைட்ரேட்டுக்குப் பட்டாசுத் தொழிலில் 'பச்சை உப்பு' என்றே பேர். நிறத்துக்கு மட்டுமில்லாமல், எரிகிறதற்கு வேண்டிய ஆக்ஸிஜனையும் அதுதான் கொடுக்கும். அதனால் மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம் என்று பல சரக்கிலும் அது உண்டு. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் 'பசுமைப் பட்டாசு' மட்டுமே இனி என்று தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில் பேரியம் உப்புக்களுக்கும் தடை. நாக்பூரில் இருக்கிற நீரி ஆய்வகம் புகையைக் குறைக்கும் கலவைகளை உருவாக்கிக் கொடுத்தது. பேரியத்தைக் குறைத்தாவது சேர்க்கவிடுங்கள் என்று உற்பத்தியாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். 2023 செப்டம்பரில் அதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக, பசுமைப் பட்டாசு என்றால் பச்சை உப்பு இல்லாத பட்டாசு! நுரையீரலுக்கு நல்லதுதான், தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் மருந்துக் கலவை அறையில் நிற்கிற தொழிலாளிக்கு இந்தப் பெயர் விளங்குவதற்குள் இரண்டு தீபாவளி போய்விட்டது.

நிறத்தில் பச்சை, ஆனால் யாரும் பச்சை என்று கொண்டாடாத ஒன்றும் கரிசலில் இருக்கிறது: சீமைக்கருவேலம். எந்தக் கோடையிலும் அது வாடாது. சித்திரையில் கண்ணுக்கெட்டின மட்டும் வேறெதுவும் உயிரோடு தெரியாத நேரத்தில் அது தளதளவென்று நிற்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த முள்மரம். கரி மூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் ஒரு பக்கம், ஈரத்தை உறிஞ்சுகிறது, கண்மாயைத் தூர்க்கிறது என்று கரித்துக்கொட்டுகிறவர்கள் மறுபக்கம். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதும் ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. வேரோடு எடுக்காததால் அடுத்த மழைக்கே மறுபடி துளிர்த்தது.

பச்சை இருக்கட்டும். தலைப்பில் சொன்ன பறக்கும் பாம்புக்கு, அதாவது நம் பக்கத்து டிராகன் விஷயத்துக்கு வருவோம். நெருப்பைக் கக்கி, செட்டையடித்துப் பறந்து, புதையலைக் காக்கிற அந்த உருப்படி நம் பக்கத்துச் சரக்கில்லை. திருநெல்வேலிச் சீமைக்கு அதை முதலில் கொண்டுவந்தது வேதப் புத்தகமாகத்தான் இருக்கும். வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற ஏழு தலை மிருகத்துக்குத் தமிழ் பைபிள் 'வலுசர்ப்பம்' என்று பேர் வைத்தது. நாசரேத், சாயர்புரம் பக்கத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும். நல்ல பேர். எங்கே போயிற்றோ, இன்றைக்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் டிராகன்தான்.

யாளியை டிராகன் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பாது. யாளி சிங்க உடம்பு. சிலதுக்கு யானைத் துதிக்கை. கிருஷ்ணாபுரம் கோவில் தூணில் அது எழும்பி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நெருப்பு ஞாபகமும் வராது, செட்டை ஞாபகமும் வராது. அதைவிடப் பக்கத்தில் வருவது கிராமத்துப் பாம்புக் கதை. நல்ல பாம்பு கொத்தாமலே விஷத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு கிழடானால், வருஷத்துக்கு வருஷம் நீளம் குறையுமாம். கடைசியில் சாண் நீளத்துக்கு வந்து, இறக்கை முளைத்துப் பறந்துவிடுமாம். விஷம் இறுகி ரத்தினமாகும். ராத்திரியில் அதைக் கக்கி வைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் இரை தேடும். பொழுது விடியுமுன் திரும்ப விழுங்கிக்கொள்ளும். சாணியைப் போட்டு ரத்தினத்தை மூடிவிட்டால் பாம்புக்கு வழி தெரியாது என்று எடுக்கிற உபாயமும் கதையிலேயே உண்டு. சிறகு, வெளிச்சம், காவல் எல்லாம் இருக்கிறது. மேற்கத்திய டிராகன் வளர வளரப் பெருக்கும், நம்முடையது சுருங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

உயிரோடு வேண்டுமென்றால் வேலியைப் பார்த்தால் போதும். ஓணான் குடும்பத்துப் பல்லிகளுக்கு ஆங்கிலத்தில் டிராகன் என்றே பொதுப்பேர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் விலா எலும்பு விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகிற பறக்கும் ஓணானுக்கு அறிவியல் பேரே 'டிராக்கோ'. இந்தோனேசியாவின் கொமோடோ டிராகன் நம் உடும்புக்குப் பங்காளி. டிராகனைக் கொல்ல அங்கே வீரன் குதிரையேறிப் போனான். இங்கே ராமருக்குத் தாகமெடுத்தபோது ஓணான் இளநீருக்குப் பதிலாக மூத்திரத்தைக் கொடுத்தது என்று ஒரு கதையைக் கேட்டுவிட்டு, அரை டவுசர் பையன்கள் ஈர்க்குச் சுருக்கோடு வேலி வேலியாக அலைந்தார்கள். பாவம் அது.

தட்டானும் ஆங்கிலத்தில் டிராகன் வம்சம்தான். வாலில் நூலைக் கட்டிக் கல் தூக்கவைக்கிற அந்தப் பூச்சியை இங்கே பெரியவர்கள் மதிப்பது வேறு காரணத்துக்கு. தட்டான் தாழப் பறந்தால் மழை. புரட்டாசியில் களத்துக்கு மேலே மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகத் திரிவதைப் பார்த்துவிட்டு விதைப்பெட்டியைத் தட்டி வைத்தவர்கள் உண்டு. மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்கிற உயிரியலாளர் 2009-இல் ஒரு செய்தியை எழுதினார். இந்த வகைத் தட்டான்கள் அக்டோபரில் இந்தியாவிலிருந்து மழைக்காற்றோடு கிளம்பி, மாலத்தீவில் இறங்கி, கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன என்றார். சுற்றிவருவதற்குள் நாலு தலைமுறை ஆகிவிடுமாம். மழை போகிற பாதையே அவற்றின் பாதை, ஏனென்றால் முட்டையிட மழைத்தண்ணீர்க் குட்டை வேண்டும்.

இப்போது கோவில்பட்டியில் டிராகன் சிக்கன் கிடைக்கிறது. மிளகாய் வற்றலும் முந்திரியும் போட்ட சிவந்த சரக்கு. 2025-இல் பிரதீப் ரங்கநாதன் நடித்த 'டிராகன்' படம் ஓடியது, அதில் டி. ராகவன் என்கிற பையனின் பட்டப்பெயர் அது. பழக்கடைகளில் டிராகன் பழம். குஜராத் அரசு 2021-இல் அதற்குக் 'கமலம்' என்று பேர் மாற்றியது. இங்கே யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கள்ளி வம்சத்துப் பழம் அது. பருத்திக்காட்டு வேலியில் முள்ளை மண்ணில் தேய்த்துத் தின்று வாய் சிவந்த சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. தண்ணி அதிகம் கேட்காது என்பதால் கல்தூண் நட்டுக் கொடியேற்றி இதைப் பயிர் செய்கிறவர்கள் தமிழ்நாட்டில் கூடிவருகிறார்கள். டிராகன் என்று பேர் வரக் காரணமே சிவப்புத் தோலில் நீட்டிக்கொண்டு நிற்கிற செதில்கள்தான். வாங்குகிறவர்கள் அந்தச் செதிலைத்தான் பார்க்க வேண்டும். நுனி காய்ந்து பழுத்திருந்தால் பறித்து நாளாகிவிட்டது. "பச்சையா இருக்கிறதா எடுங்க அண்ணாச்சி" என்று கடைக்காரர் சொன்னால், இந்த ஒரு தடவை நிறத்தையும் சேர்த்தே சொல்கிறார்.