கைப்பழக்கமும் கால்மணிப் பொழுதும்

ஓவியம் கைப்பழக்கத்தால் வருவது என்பது ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றின் கருத்து. வகுப்பறையில் இதனைப் பன்முறை விளக்கியுள்ளோம். எனினும் அதன் முழுப்பொருளை அண்மையில்தான் உணர்ந்தோம். மாணவப் பருவத்தில் வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் அமர்ந்து மதிலையும் அதன் நீர்நிழலையும் வரைந்து பழகியவர் நாம். ஆசிரியப்பணி, ஆய்வு, இல்லறம் எனக் கடமைகள் பெருகவே, ஓய்வு கிடைக்கும்போது வரையலாம் என ஒத்திவைத்தோம். ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து அதே கரையில் அமர்ந்தபோது, கண் கண்டதைக் கை தர மறுத்தது. ஓய்வுக்காகக் காத்திருந்ததால் நேர்ந்த இழப்பு இது.

நேரமின்மை தடையாகுமா?

1936இல் மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் முழுநேர ஓவியர் அல்லர்; சென்னையில் மின்கலத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றிய வேதியியல் வல்லுநர். 1972இல் நிகழ்ந்த சாலை விபத்தில் அவர்தம் துணைவியார் மகிமாவின் உடல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. மனோகருக்கோ விழித்திரை நோயால் பார்வைப் பரப்பு ஆண்டுக்காண்டு குறுகி வந்தது. பகலில் பணி, வீட்டில் பணிவிடை, மங்கும் பார்வை என மூன்றுக்கும் இடையே அவர் மையால் நுண்கோட்டோவியங்கள் வரைந்து வந்தார். பழம்பெருங் கட்டடங்களும் இளமையில் கண்ட மதுரையும் அவர் தாளில் உயிர்பெற்றன. அவ்வோவியங்களை வாழ்த்து அட்டைகளாக்கி, வருவாயை அறப்பணிகளுக்கு அளித்தனர் அவ்விணையர். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2022 டிசம்பரில் மறைந்தார். ஓய்வு வரட்டும் என அவர் காத்திருந்தால் பார்வை காத்திருந்திராது.

பயிற்சியின் இயல்பு

அரபு எழுத்தணிக்கலை பயில்வோர் ஒரே எழுத்தை மீண்டும் மீண்டும் எழுதுவர். நாணற்கோல் பதிக்கும் புள்ளியே எழுத்தின் நீள அகலங்களுக்கு அளவுகோல். இப்பயிற்சியை 'மஷ்க்' என்பர். நம் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலிலும் இதுவே நிலை. தோலின் கனத்தையும் குறையையும் விரல் நுனியால் அறியும் திறன், நாள்தோறும் தொட்டுப் பழகியவர்க்கே வாய்க்கிறது. மாதத்திற்கு ஒரு ஞாயிறு முழுவதும் வரைவதினும், நாள்தோறும் கால்மணி நேரம் வரைவது கைக்கு நல்லது. இடைவெளி நீண்டால் கை மறக்கும்.

செய்யத்தக்கவை

நேரத்தைப் புதிதாகத் தேடுதல் வேண்டா. அன்றாடம் தவறாது நிகழும் ஒன்றனோடு வரைதலை இணைத்தல் வேண்டும். வைகறைத் தொழுகைக்குப் பின்னரோ, இரவு உணவுக்கு முன்னரோ ஒரு பொழுதைக் குறித்துக்கொள்ளலாம். காட்பாடிக்கு இரயிலில் செல்லும் மாணவர்க்கு எதிரே அமர்ந்து உறங்குபவரே தக்க மாதிரி. சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடும் ஒரு பென்சிலும் போதும், அழிப்பான் தேவையில்லை. செம்பு, செருப்பு, சாய்வு நாற்காலி எனக் கண்ணெதிரே உள்ளதை வரைந்து, நாளைக் குறித்தல் நலம். ஒருநாள் தவறினால் வருந்தி இருமடங்கு வரைய முற்படாது, மறுநாள் வழக்கம்போல் தொடர்தல் வேண்டும். முதல் மாதத்தில் ஓவியத்தின் அழகை ஆராயாது, ஏட்டில் நிரம்பிய பக்கங்களை மட்டும் எண்ணுதல் போதும்.

மாணவச் செல்வங்களே! நாமும் மீண்டும் தொடங்கியுள்ளோம். கோட்டை மதில் இன்னும் கோணலாகவே வருகிறது. ஆயினும் சென்ற மாதத்தினும் இம்மாதம் கோணல் குறைந்துள்ளது. நாம் இழந்த ஆண்டுகளை நீவிர் இழத்தல் வேண்டா. இன்றைய கால்மணிப் பொழுதிலிருந்தே தொடங்குங்கள்.