டிப் டீ குடித்த பிறகு

பால் டீ போடும் வீட்டில் சக்கை வடிகட்டியிலேயே தங்கிவிடும். வடிகட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் வேலை முடிந்தது. கிரீன் டீ பழக்கத்தோடு வீட்டுக்குள் வந்த டீ பேக் அப்படி எளிதில் நம்மை விடுவதில்லை. கோப்பையிலிருந்து தூக்கிய நொடியே அதை எங்கே வைப்பது என்று கை தடுமாறுகிறது. சமையல் மேடையில் வைத்தால் பழுப்புக் கறை. சாஸரில் வைத்தால் அடியில் குளம்போல் டீ தேங்கி, அடுத்த தடவை கோப்பையைத் தூக்கும்போது சட்டையில் சொட்டுகிறது. குப்பைக்கூடை வரை தூக்கிப்போனால் தரையெல்லாம் புள்ளி. எப்படியோ போட்டு மூடிவிட்டால், மறுநாள் கூடையில் எறும்பும் புளித்த வாடையும்.

இதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தேயிலை அல்ல, அது குடித்து வைத்திருக்கும் தண்ணீர். வழக்கமான ஒரு பையில் ஏறக்குறைய 2 கிராம் தேயிலைதான் இருக்கிறது. வெந்நீரில் ஊறி வெளியே வரும்போது அந்தப் பை தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைச் சுமந்து வருகிறது. அந்த நீரைக் கோப்பையிலேயே விட்டுவிட்டு வரச் செய்தால் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்கு ஒரு ஸ்பூன் போதும். நூல் உள்ள பையென்றால், பையை ஸ்பூனின் குழியில் உட்காரவைத்து, நூலைப் பையையும் ஸ்பூனையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி மெல்ல இழுங்கள். நூல் இறுக இறுக, உள்ளே இருக்கும் டீ கோப்பைக்குள்ளேயே வடிந்துவிடும். நூல் இல்லாத பை என்றால் ஸ்பூனின் முதுகால் கோப்பையின் உட்சுவரோடு சேர்த்து அழுத்தினால் சரி. விரலால் பிழிய வேண்டாம். கொதிநீர் உள்ளே தங்கியிருக்கும், சுடும். பை கிழிந்து இலை கோப்பைக்குள் கொட்டும் வாய்ப்பும் அதிகம். பிழிந்தால் டீ கசக்கும் என்று சிலர் தயங்குவார்கள். அடர்த்தியான கடைசிச் சாறு இறங்குவதால் துவர்ப்பு கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். துவர்ப்பு பிடிக்காதவர்கள் பிழியாமல், கோப்பைக்கு மேல் நூலைப் பிடித்து அரை நிமிடம் தொங்கவிட்டால் போதும். சொட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்னொரு பழக்கம் இதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். பாலும் சர்க்கரையும் சேர்ப்பதற்கு முன்பே பையை வெளியே எடுத்துவிட வேண்டும். பலர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறார்கள். அப்போது பை பாலையும் சர்க்கரையையும் உறிஞ்சிக்கொள்கிறது. எறும்பு வருவது அந்தச் சர்க்கரைக்காக. புளித்த வாடை வீசுவது அந்தப் பாலால். வெறும் வெந்நீரில் ஊறி வெளியேறிய பை ஒரு பகல் முழுக்க மேடையோரம் கிடந்தாலும் எறும்பு அதைச் சட்டை செய்யாது. சுவைக்கும் இதுவே நல்லது. பால் சேர்ந்தால் நீரின் சூடு குறையும், சாறு சரியாக இறங்காது.

பிழிந்தெடுத்த பையை நேராகக் குப்பைக்கு அனுப்பவும் தேவையில்லை. எல்லா வீட்டிலும் பழைய டீ வடிகட்டி ஒன்று சும்மா கிடக்கும். அதை ஒரு டம்ளரின் மேல் வைத்துச் சிங்க்கின் பக்கத்தில் வைத்துவிடுங்கள். நாள் முழுக்க வீட்டில் யார் டிப் டீ குடித்தாலும் பை அங்கே போகட்டும். மிச்ச நீர் டம்ளரில் இறங்கும், காற்றும் படும். மாலையிலோ மறுநாள் காலையிலோ உலர்ந்த பைகளை ஒரேயடியாக எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஈரப் பையைப் பிரித்தால் இலை விரலெல்லாம் ஒட்டும். காய்ந்ததைப் பிரித்தால் தூளாக உதிர்ந்துவிடும். மூடிய டப்பாவில் மட்டும் சேர்த்துவைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் சீக்கிரமே வெள்ளைப் பூசணம் பிடித்துவிடும். அதே காரணத்தால், நேற்று ஊறவைத்த பையை இன்று மறுபடி முக்கிக் குடிப்பதும் வேண்டாம். அடுத்த கோப்பை வேண்டுமென்றால் உடனே போட்டுக்கொள்ளுங்கள்.

பையைப் பிரிப்பதா, அதில் பிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். டீ பேக் பார்வைக்கு ஒரே பொருள். உண்மையில் அதில் நான்கைந்து பொருள்கள் இருக்கின்றன: தேயிலை, பையின் தோல், நூல், நுனியில் காகித அட்டை, சிலவற்றில் ஒரு சின்ன ஸ்டேப்ளர் பின். பின்னை டீ பேக்கில் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ல் உத்தரவிட்டது. தளர்ந்த பின் டீயோடு தொண்டைக்குள் போய்விடக்கூடும் என்ற அச்சம்தான் காரணம். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த பெட்டியிலோ பழைய சரக்கிலோ பின் கண்ணில் படலாம். செடித்தொட்டியிலோ உரத்தொட்டியிலோ மட்கப் போடும் பையென்றால் பின்னை முதலில் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு மண்ணைக் கிளறும்போது விரலில் குத்தும்.

தேயிலை மட்கும் என்பதில் ஐயமே இல்லை. காகித அட்டையும் பருத்தி நூலும் மட்கும். தகராறு பையின் தோலில்தான். அது ஏன் என்று புரிய, பை வந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துப் பெண்கள் இருவர், ராபர்ட்டா லாசனும் மேரி மெக்லாரனும், ஒரு கோப்பை டீக்கான பருத்தி வலைப்பைக்கு 1903-ல் காப்புரிமை பெற்றார்கள். ஒரு நியூயார்க் வியாபாரி மாதிரிக்காகப் பட்டுப் பைகளில் தேயிலை அனுப்ப, வாங்கியவர்கள் பையோடு வெந்நீரில் போட்டுவிட்டார்கள் என்றொரு கதையும் வழங்குகிறது. பருத்தியோ பட்டோ, எது மண்ணுக்குப் போயிருந்தாலும் தொல்லை இல்லை. பிறகு காகிதம் வந்தது. இன்றைய டீ பேக் காகிதத்தில் மரக்கூழோடு, வாழையினத்தைச் சேர்ந்த அபாகா என்ற செடியின் நாரும் கலந்திருக்கும். ஈரத்திலும் கிழியாத வலுவை அது தருகிறது.

காகிதப் பையின் ஓரத்தை மூடுவது எப்படி என்ற இடத்தில்தான் பிளாஸ்டிக் நுழைந்தது. சூடான தகட்டால் அழுத்தினால் உருகி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் காகிதத்தோடு பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையைச் சேர்த்தார்கள். பை பார்க்கக் காகிதமாகத்தான் இருக்கும். மண்ணில் போட்டுச் சில மாதம் கழித்துக் கிளறினால் தேயிலையும் காகித நாரும் மறைந்து, சிலந்தி வலை மாதிரி மெல்லிய சல்லடை ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும். அதுதான் அந்த இழை. வேறொரு வழியும் இருந்தது. ஜெர்மனியின் டீகானே நிறுவனத்தில் அடால்ஃப் ராம்போல்ட் என்பவர் உருவாக்கிய இயந்திரம், 1949-ல், ஒட்டாமல் மடித்தே மூடும் இரட்டை அறைப் பையைச் செய்யத் தொடங்கியது. இரண்டு கால் வைத்த கால்சட்டை மாதிரி நடுவில் மடிந்திருக்கும் பை அந்த வகை. மடித்து முடிச்சுப் போட்டோ பின் போட்டோ மூடுவதால் அதற்கு உருகும் பிளாஸ்டிக் தேவைப்படுவதில்லை.

ஆகவே உங்கள் பையின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றிலும் அழுத்தி ஒட்டிய, பல் பதிந்த மாதிரி கோடு இருந்தால் அதில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. மடிப்பும் முடிச்சும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வெறும் காகிதம். பளபளவென்று வலை மாதிரி, உள்ளே இலை தெரியும் பிரமிடு பை என்றால் அது காகிதமே அல்ல. நைலான், பாலியெஸ்டர், அல்லது மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் நைலான், பாலியெஸ்டர் பைகளை 95 டிகிரி செல்சியஸ் நீரில் ஊறவைத்துப் பார்த்து, ஒரே பையிலிருந்து சுமார் 1,160 கோடி நுண் பிளாஸ்டிக் துகள்கள் வெளியேறியதாக எழுதினார்கள். அந்த எண்ணிக்கை மிகை என்று மறுத்த நிபுணர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் அந்த வலை மட்கப்போவதில்லை. செடித்தொட்டியில் அதற்கு இடமில்லை.

மக்காச்சோளப் பிளாஸ்டிக் பற்றித்தான் அதிகம் ஏமாறுகிறோம். அட்டையில் இலைப் படம் போட்டு, மட்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். 60 டிகிரி வரை சூடேறும் பெரிய உரக்கூடத்தில் அது மட்கும் என்பது சரி. மொட்டை மாடியில் நாம் வைக்கும் மண்பானை உரத்தில் அந்தச் சூடு நீடித்து நிற்காது. 2024-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், முழுக்க அந்தப் பிளாஸ்டிக்கால் ஆன பைகள் ஏழு மாதம் மண்ணில் புதைந்தும் சிதையாமல் அப்படியே இருந்தன. காகிதக் கூழும் கலந்த பைகள் பெருமளவு சிதைந்திருந்தன. வீட்டு உரத்தில் மட்கும் என்று வெளிப்படையாக அச்சிட்டிருந்தால் மட்டுமே பையோடு போடுங்கள். மற்றபடி எந்தப் பையாக இருந்தாலும் ஒரே வழி: காய்ந்த பையின் ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டி, இலையை உதறி எடுத்துக்கொண்டு, தோலைத் தனியே போட்டுவிடுவது. பை எதனால் ஆனது என்று ஆராய வேண்டிய வேலையே அப்போது இல்லை.

உதறிய இலையைச் செடிக்குப் போடலாம். ரோஜாச் செடிக்கு டீச் சக்கை போடும் வழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாக உண்டு. அதில் அர்த்தமும் இருக்கிறது. தேயிலையில் நைட்ரஜன் நல்ல அளவில் உள்ளது. ஆனால் மேலே குவித்துவைத்தால் கட்டியாகி நீர் இறங்காமல் தடுக்கும், பூசணமும் படரும். ஒரு கைப்பிடி அளவை மேல்மண்ணோடு கிளறிவிட வேண்டும். அதைவிட நல்லது, காய்கறித் தோலும் காய்ந்த சருகும் போடும் உரத்தொட்டியில் சேர்ப்பது. பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதித்த சக்கையென்றால் ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஊறிய இலையிலும் காஃபின் மிச்சம் இருக்கிறது, அது நாய்க்கு ஆகாது, நூலோடு பையை விழுங்கினால் குடலில் சிக்கும் ஆபத்தும் உண்டு. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

செடியும் இல்லை, உரத்தொட்டியும் இல்லை என்றால் இலை மட்கும் குப்பைக்குப் போகட்டும், அதாவது பச்சைக் கூடைக்கு. ஒட்டிய ஓரமுள்ள பையும் பிரமிடு வலையும் உலர்ந்த குப்பைக்கு, நீலக் கூடைக்கு. திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே பிரித்துத் தரச் சொல்கின்றன. பிரிக்காமல் தந்தால் அந்த வேலை தூய்மைப் பணியாளரின் கைக்குப் போகிறது. டீ பேக்கை, டீயை உறிஞ்சிய டிஷ்யூவோடு சுருட்டி, பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டுத் தருவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. முடிச்சுக்குள் அது அழுகும், அவிழ்ப்பவருக்குத்தான் நாற்றம். சிங்க்கிலும் கொட்டாதீர்கள். தேயிலை கரையாது. குழாயின் வளைவில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து படிந்து அடைத்துக்கொள்ளும்.

அலுவலகம் போல வடிகட்டியும் டம்ளரும் வைக்க வழியில்லாத இடங்களில், டீ இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு பழைய கிண்ணமாவது இருக்கட்டும். கிண்ணம் இல்லாததால்தான் மேடையெல்லாம் கறை. ரயிலில் இன்னும் எளிது. குடித்து முடித்த காகிதக் கோப்பைக்குள்ளேயே பையையும் சர்க்கரை, பால்பவுடர் உறைகளையும் போட்டு, வாயை நசுக்கி மடித்து, பெட்டியின் கதவோரக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம். ஜன்னலுக்கு வெளியே வேண்டாம்.

இத்தனைக்கும் மீறிக் கறை பட்டுவிட்டால் உடனே கவனியுங்கள். துணியில் பட்டதைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரில் அலசிப் பிறகு டிடர்ஜென்டில் ஊறவையுங்கள். கோப்பையின் உட்புறப் பழுப்புக்கு ஈரத்துணியில் கொஞ்சம் சமையல் சோடா போதும். மேடை மார்பிள் கல்லாக இருந்தால் எலுமிச்சையும் வினிகரும் கிட்டே வரக் கூடாது; அமிலம் கல்லையே அரித்துவிடும்.

வீட்டில் தினமும் குடிப்பவர்களுக்கு டீ பேக் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றே சொல்வேன். அதே கிரீன் டீ உதிரி இலையாகவும் கடையில் கிடைக்கிறது. வீட்டு வடிகட்டியில் போட்டு வெந்நீர் ஊற்றினால் சக்கை மட்டுமே மிஞ்சும்; நூலும் வலையும் அட்டையும் இல்லை. பை பயணத்துக்கும் அலுவலகத்துக்கும் இருக்கட்டும். அடுத்த பெட்டி வாங்கும்போது பை எதனால் ஆனது என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதியிருக்காவிட்டால், அதே அட்டையில் வாடிக்கையாளர் எண் இருக்கும், அழைத்துக் கேளுங்கள்.