பாவித்த ஐபோன் 15: வாங்குமுன் அறியவேண்டியவை

பலேர்மோவின் சீசா அரண்மனைத் தோட்டத்தில் மாலையில் கூடும் எம்மவரிடையே ஐபோன் 15 பற்றிய பேச்சு அடிபடுகின்றது. 2023 செப்டெம்பரில் இத்தாலியில் 979 யூரோவுக்கு வெளிவந்த இக்கைத்தொலைபேசி, இன்று பாவித்த கருவியாகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதே காரணம். தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரிலும் இது பொருத்தப்பட்டது என்பதில் எமக்குத் தனி மகிழ்ச்சி. அங்கு இவ்வேலையைச் செய்வோரிற் பெரும்பாலோர் இளம் பெண்கள்.

பிரதான கமரா 48 மெகாபிக்சல் கொண்டது. திரையின் ஒளி வெளியிடத்தில் 2000 நிட் வரை உயரும்; சிசிலி வெயிலில் கைமறைப்பிட்டுத் திரை பார்ப்போர் இதன் அருமையை அறிவர். பழைய லைட்னிங் துளைக்குப் பதிலாக யூ.எஸ்.பி.-சி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இயற்றிய சட்டமே இதற்குத் தூண்டுதல். பலர் சேர்ந்து வாழும் வீட்டில் இனி ஒரே மின்னேற்றியைப் பகிரலாம்.

விமர்சகர்கள் கமராவைப் பாராட்டினர். திரை நொடிக்கு 60 தடவையே புதுப்பிக்கப்படுகின்றது, மலிவான அண்ட்ரோயிட் கருவிகள்கூட 120 தருகின்றன என்று குறைகூறினர். எமக்கு அது பெரிய குறையன்று. கம்பிவழித் தரவு வேகம் பழைய யூ.எஸ்.பி. 2 அளவிலேயே நின்றதுதான் உறுத்துகின்றது. கலியாண வீடியோவைக் கணினிக்கு மாற்றுவோர் காத்திருக்கத்தான் வேண்டும்.

தமிழில் எழுதுவதற்காக மட்டும் இதனை வாங்க வேண்டியதில்லை. ஐபோன்களில் 2013 முதலே தமிழ் விசைப்பலகை உண்டு.

மின்கலத்தின் கொள்ளளவு 80 வீதத்துக்குக் கீழிறங்கியிருந்தால், அதனை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும். முன்னைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்படாத கருவி திறவாது. அதனைக் கடையிலேயே சோதித்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.