உயர்விலைக் கருவிகளும் அவற்றின் பெறுமதியும்

விலை வேறு, பெறுமதி வேறு என்பது பொருளியலார் நெடுங்காலமாக உணர்ந்த உண்மை. உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத நீர் மலிவாகவும், அத்துணைப் பயனில்லாத வைரம் பெருவிலைக்கும் விற்கப்படுவதை 1776 இல் ஆதம் சிமித் எடுத்துக்காட்டினார். அவ்வினா இன்று கைத்தொலைபேசி, கணினி முதலிய கருவிகளைப் பற்றி மீண்டும் எழுந்துள்ளது. ஏறக்குறைய ஒரே பணியைச் செய்யும் இரு கருவிகளுள் ஒன்று மற்றையதினும் நான்கைந்து மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றது. அம்மிகைப் பணத்துக்கு வாங்குவோர் பெறுவது யாது?

நெய்யை முகர்ந்தும், துணியை விரலால் தடவியும், அரிசியைக் கடித்துப் பார்த்தும் தரம் அறிதல் கூடும். கைத்தொலைபேசியை அவ்வாறு சோதித்தல் இயலாது. விற்போர் அறிந்ததை வாங்குவோர் அறியார். இவ்வறிவு வேற்றுமை சந்தையை எங்ஙனம் சீர்குலைக்கும் என்பதை ஜோர்ஜ் அக்கலோவ் என்னும் அமெரிக்க அறிஞர் 1970 இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 2001 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். இக்குறையை ஈடுசெய்யும் வழிகளுள் வணிகப் பெயரும் ஒன்றென அவர் கொண்டார். பெயர் கெட்டால் அடுத்த பொருள் விலைபோகாதாகையால், பெயருடையோர் தரத்தைக் காப்பர் என எதிர்பார்க்கலாம். ஆதலின், பெயருக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் வீண் என்பாரின் கூற்று பொருந்தாது. எவ்வளவு கொடுக்கலாம் என்பதே வினா.

இதற்கு அப்பிள் கொம்பனியார் 2015 இல் வெளியிட்ட கைக்கடிகாரம் தக்க சான்றாகும். அதன் மிகக் குறைந்த விலை 349 டொலர். அதே கடிகாரத்தை 18 கரற்றுப் பொன்னுறையில் அமைத்து 10,000 டொலர் முதல் 17,000 டொலர் வரை விற்றனர். பொன்னும், முகப்பில் நீலமணிக்கல்லின் இனத்ததாகிய கடினப் பளிங்கும், நல்ல வாரும் விலை மிக்கதில் இருந்தன. ஆயினும், இரண்டையும் இயக்கிய உட்சில்லும் மென்பொருளும் ஒன்றே. பொன்னுடையது விரைவாக இயங்கவுமில்லை. கூடுதலான எதையும் கணிக்கவுமில்லை. 2018 இல் ஐந்தாம் பதிப்பு மென்பொருள் வெளிவந்தபோது முதற் கடிகாரங்கள் அனைத்தும் ஒருங்கே கைவிடப்பட்டன. 349 டொலர் கொடுத்தவரும் 17,000 டொலர் கொடுத்தவரும் ஒரே நாளில் ஒரே நிலையை எய்தினர். பாட்டனார் அணிந்த பொற்கடிகாரத்தைச் சாவி கொடுத்துப் பேரன் அணியலாம். இதனை அவ்வாறு வழிவழியாக வைத்தல் இயலுமா?

பிறர் காணும்பொருட்டுச் செலவு செய்யும் இவ்வியல்பைத் தோர்ஸ்டைன் வெப்லன் 1899 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். விலை உயர்வே சில பொருள்களுக்குக் கவர்ச்சியாகின்றது என்பது அவர் கருத்து. நகை பூணும் வழக்கமுடைய நாம் இதனைப் பிறர் குற்றமாகக் கூறுதல் அழகன்று. எனினும், நகையை உருக்கினால் பொன் எஞ்சும். உயர்விலைக் கருவியிற் செலுத்திய பணத்துள் அவ்வாறு எஞ்சுவது சிறிதே.

மிகைவிலை நியாயமாகும் இடமும் உண்டு. அது கருவி உழைக்கும் காலத்தைப் பற்றியது. 2013 இல் ஒப்பந்தமின்றி 649 டொலருக்கு விற்கப்பட்ட ஐபோன் 5எஸ், 2018 இல் வந்த 12 ஆம் பதிப்பு மென்பொருளையும் ஏற்றது. 2023 சனவரியிலும் அதற்கொரு பாதுகாப்புத் திருத்தம் அனுப்பப்பட்டது. ஒன்பது ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டொன்றுக்கு 72 டொலர் அளவே ஆகும். இரண்டே ஆண்டிற் கைவிடப்படும் 200 டொலர்க் கருவிக்கு ஆண்டொன்றுக்கு 100 டொலர். இக்கணக்கில் மலிவானதே விலை மிக்கது. ஆயினும் பெயரை நம்பி இருந்துவிடலாகாது. மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருளாற் குறைத்ததை அக்கொம்பனியார் 2017 டிசெம்பரில் ஒப்புக்கொண்டனர். பின்னர் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தனர். மின்கலத்தை மாற்றியதும் பழைய வேகம் மீண்டது. புதுக் கருவி வாங்க நினைத்த பலருக்கு 29 டொலரே போதுமாயிருந்தது.

நினைவகத்தின் விலையும் நோக்கத்தக்கது. 2023 இல் வந்த ஐபோன் 15, 128 கிகாபைற்று நினைவகத்துடன் 799 டொலர். 256 ஆயின் 899 டொலர். மற்றெல்லா உறுப்புக்களும் ஒன்றே. இத்தகைய படிகளில் ஏறுவோர் தரத்துக்கு அன்றி, கொம்பனியின் இலாபத்துக்கே பெரும்பாலும் செலுத்துகின்றனர் என்பது எம் கருத்து.

நீண்டகாலப் பராமரிப்பு அண்மைவரை உயர்விலைக் கருவிகளுக்கே உரியதாயிருந்தது. 2023 இல் பிக்சல் 8 கருவிக்குக் கூகிளும், 2024 இல் எஸ்24 கருவிக்குச் சாம்சங்கும் ஏழாண்டு மென்பொருள் உறுதியளித்தன; இரண்டும் விலை மிக்கவையே. ஆயின், 2024 இன் பிற்பகுதியில் வந்ததும் ஏறக்குறைய 200 டொலர் விலையுள்ளதுமான ஏ16 5ஜி கருவிக்கும் சாம்சங் ஆறாண்டு உறுதியளித்தது. அவ்வுறுதி காக்கப்படுமாயின், ஆண்டொன்றுக்கு 34 டொலரும் ஆகாது. நான்கு மடங்கு விலை கேட்போர், காலத்தைக் காரணங்காட்டி இனி அதனைக் கேட்டல் அரிது. நிழற்படக் கருவியின் நுட்பம், இயக்கத்தின் விரைவு ஆகியவற்றைக் கொண்டே அவ்விலைக்கு விடை கூறவேண்டும்.