உங்களுக்குத் தெரியுமா? பனியிலும் வியர்க்கும் உள்ளங்கை

திருச்சியின் சித்திரை வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? ஆனால் மார்கழிப் பனியில், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் வரிசையில் நிற்கும்போதும் சிலருக்கு உள்ளங்கை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். உள்ளங்கை வியர்வையை வெயிலைவிட மனப்பதற்றமே அதிகம் தூண்டுகிறது. அதனால்தான் தேர்வறையில் விடைத்தாள் ஈரமாகிறது. தூங்கும்போது கை காய்ந்துவிடுகிறது. இந்தக் கை வியர்வை பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்ம வயதிலோ தொடங்கும். குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருக்கலாம். சுத்தக்குறைவு இதற்குக் காரணமே அல்ல. தயவுசெய்து பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

முதலில் தரப்படும் மருந்து அலுமினியம் குளோரைடு கரைசல். இரவில், நன்றாகக் காய்ந்த கையில் தடவிக் காலையில் கழுவ வேண்டும். ஈரக்கையில் தடவினால் எரியும். பலனில்லையென்றால், தண்ணீரில் கைகளை வைத்து லேசான மின்சாரம் செலுத்தும் 'அயன்டோபோரசிஸ்' சிகிச்சை உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் இது கூடாது. போடாக்ஸ் ஊசியின் பலன் சில மாதங்களே. நரம்பு அறுவைச் சிகிச்சை கடைசி வழிதான்: கை காயும், ஆனால் முதுகிலும் வயிற்றிலும் வியர்வை கூடிவிடலாம்.

திருவெறும்பூர், துவாக்குடி பட்டறைகளில் வெல்டிங் செய்வோர், கை வியர்த்தால் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஈரத்தோலில் மின்சாரம் எளிதில் பாயும். கையுறை நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

திடீரென உடம்பெல்லாம் வியர்த்து, எடையும் குறைந்தால் தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனை அவசியம். கை வியர்வைக்குத் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகலாம்.